பதினொண்ணாவதை மட்டும் விட்டுருங்க

என்டர் விசையை அழுத்திவிட்டேன். அழுத்திய விரலை இன்னும் எடுக்கவில்லை. எடுத்தால்தான் செய்தது செய்ததாகும் என்பதுபோல அது அங்கேயே கிடக்கிறது. மணி பதினொன்று நாற்பது. இனிப் பத்து நிமிடம். பத்து நிமிடத்திற்குள் நான் தடுக்காவிட்டால், வண்ணாரப்பேட்டையில் இரண்டாம் மாடியில் இரும்புக் கூண்டுக்குள் இருக்கிற ரவுட்டர் தானே அணைந்து, தானே எழுந்து, இன்று நான் அதற்கு எழுதியதையெல்லாம் மறந்து நேற்றைய நினைவோடு கண்விழிக்கும். விழித்தெழ அதற்கு ஏழு நிமிடம் பிடிக்கும். இந்தக் காவலை வைத்தவன் நானேதான். பாளையங்கோட்டை சமாதானபுரத்து அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு வண்ணாரப்பேட்டைப் பெட்டியில் கைவைக்கிறவன், பிழையாக ஏதேனும் எழுதித் தன்னையே வெளியே வைத்துப் பூட்டிக்கொள்ளக்கூடும். அப்படி நேர்ந்தால் பெட்டி தானாக நேற்றைக்குத் திரும்பி அவனைக் காப்பாற்றும். என்ன கருணையான ஏற்பாடு. மனிதனுக்கு இப்படி ஒன்று அருளப்பட்டிருந்தால், இந்த அறுபது ஆண்டில் நான் எத்தனை முறை அணைந்து எழுந்திருப்பேன். ஒவ்வொரு முறையும் எந்த நேற்றுக்குத் திரும்புவது என்பதிலேயே இன்னோர் ஆயுள் கழிந்திருக்கும். விரலை எடு, மணவாளா. எடுத்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. திரையில் கட்டம் மட்டும் மினுக்குகிறது. அடித்த எழுத்துகள் இன்னும் மேலே வந்து சேரவில்லை. பெட்டி திணறிக்கொண்டிருக்கிறது, பாவம். ஒன்பது லட்சம் பொய்களை ஒரே காலையில் கேட்ட எவருக்கும் திணறத்தான் செய்யும்.

பொய் என்று சொல்வதும் தகாது. ரவுட்டருக்குப் பொய் தெரியாது. அது வழி சொல்கிற பெட்டி, அவ்வளவே. தனக்கென்று ஓர் அறிவும் இல்லாதது. பக்கத்தில் இருக்கிற ரவுட்டர் 'இன்னின்ன முகவரிகளுக்கு என் வழியாகப் போகலாம்' என்று சொல்லும், இது நம்பும், நம்பியதை அடுத்ததற்குச் சொல்லும். உலகம் முழுவதும் இந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது. சொல்கிற பெட்டியை எங்கள் தொழிலில் அண்டை என்கிறோம். நம்முடைய அண்டை தூத்துக்குடியில் இருக்கிறது. முத்துத்துறை பிராட்பேண்டு என்கிற சிறு நிறுவனம். பன்னிரண்டு வழிகளைத் தவிர வேறு அறியாத அடக்கமான பெட்டி. அது இன்று காலை பத்தரை மணிக்கு என்ன ஆயிற்றோ, உலகத்தின் எல்லா முகவரிகளுக்கும் என் வழியாகவே போகலாம் என்று முழங்கத் தொடங்கிவிட்டது. நியூயார்க்குக்கும் என் வழி, காசிக்கும் என் வழி. எல்லாரும் என் வழியே வாருங்கள் என்று அழைக்கத் தகுதியுடையவன் ஒருவனே. அவன் தூத்துக்குடி மூன்றாவது மைலில் தகரக் கூரைக்குக் கீழே மின்விசிறிக் காற்றில் இருக்கிற பெட்டி அல்லன். ஆனால் நம் பெட்டி நம்பிவிட்டது. எழுதி எழுதி நினைவு நிரம்பி மூச்சு முட்டுகிறது. ஆகவே வாசலில் ஒரு வடிகட்டி வைக்க வேண்டும். அண்டை சொல்வதில் இதை ஏற்கலாம், இதை ஏற்க வேண்டாம் என்று வரிசையாக எழுதிய பட்டியல். அதைத்தான் வைத்தேன். துவாரபாலகர் இருவரை நிறுத்தியதுபோல. நல்ல உவமை இல்லை, மாற்று. வைகுண்டத்து வாசலில் நின்ற அந்த இருவர் செய்ததும் வடிகட்டுதல்தானே. எவரை விட வேண்டுமோ அந்த நான்கு முனிவரையே தடுத்தார்கள். மூன்று பிறவி அரக்கராய்ப் பிறந்து அலைந்தார்கள். பட்டியலில் ஒரு வரி பிசகியதற்கு மூன்று பிறவி. அவர்களுக்குப் பத்து நிமிடத்தில் நேற்றைக்குத் திரும்பும் வசதியும் இருக்கவில்லை.

பதினொன்று நாற்பத்திரண்டு. தடுப்புக்கு அப்பால் வடிவு தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறாள். வாடிக்கையாளர் குறைகளைக் கேட்கிற வேலை அவளுக்கு. அதை அவள் பள்ளிப் பிள்ளைகளை அதட்டுகிற டீச்சர்போலச் செய்வாள். "வரும்ங்க. வரும்ங்கேன்லா. காலைல இருந்து ஒரே மெதுவான்னா, எனக்கும் மெதுவாத்தாங்க இருக்கு, நான் யார்ட்ட போயிச் சொல்ல?" வைத்துவிட்டு என் பக்கம் எட்டிப் பார்க்கிறாள். "ஸார், பதினேழு பேரு. எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்காவ. கும்பாபிஷேக லைவு நிக்குமா ஓடுமாங்காவ." நான், ஓடும் என்று கையைக் காட்டினேன். எந்த அதிகாரத்தில் காட்டினேன்? அபயம் காட்டுகிற கை வேறு. இது விசைப்பலகையில் வியர்த்த கை. பதினேழு பேர் கேட்கிறார்கள். அவர்களுக்காக நான் நடுங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்வதுதான் நேர்மை. நான் நடுங்குவது ஒருத்திக்காக. பெரியபிராட்டி அக்காள். எழுபத்தெட்டு வயது. போன ஐப்பசியில் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து கட்டில்தான் அவளுக்குத் திருக்கோயிலும் திருக்குளமும். எங்கள் ஆற்றங்கரைப் பெருமாளுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சம்ப்ரோக்ஷணம், ஊரார் சொல்கிற கும்பாபிஷேகம். இன்று பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு விமானக் கலசத்தில் கும்ப நீர் சேர்கிறது. இருபத்துநான்கு ஆண்டுக்கு முந்தைய சம்ப்ரோக்ஷணத்தன்று வந்தவர்களுக்குப் புளியோதரை கிண்டிக்கொண்டு அவள் மடைப்பள்ளியை விட்டு வரவில்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு முன்னே கூட்டத்தில் போய் நின்றாள். முன்னால் நின்றவர் ஆறடி, அவர் தோளில் ஒரு பிள்ளை, பிள்ளை கையில் பலூன். பலூனைச் சேவித்துவிட்டு வந்தேன் என்றாள். இன்று தொடுதிரை டேப் ஒன்றை வாங்கி, நேரலையைப் போட்டு, அவள் கட்டிலுக்கு எதிரே மருந்துப் பெட்டிமேல் சாய்த்து வைத்து, "ஒரு நொடி நிக்காதுக்கா, நான் பாத்துக்கிடுதேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். முப்பத்தோரு ஆண்டு வலைப்பணியில் நான் கொடுத்த ஒரே உத்தரவாதம். அதற்கு முன்பு யார் கேட்டாலும், முயற்சி செய்கிறோம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். இந்தத் துறையில் அதற்கு மேல் சொல்கிறவன் ஒன்று புதியவன், அல்லது தம்பி.

கைபேசி. அக்காள்தான். வேண்டாம் பெருமானே, நல்ல செய்தியாக இரு. "ஏய்யா மணவாளா." குரல் கனிந்திருக்கிறது; அப்பாடா. "என்னக்கா, நல்லாத் தெரியுதா?" "என்னமாத் தெரியுதுய்யா! மூணு நிமிசமா நம்ம சக்கரத்தாழ்வாரு சுத்திக்கிட்டே இருக்காரு. நடு மத்தியில, வெள்ளையா, வேற ஒண்ணும் இல்ல, அவரு மட்டும் சுத்துதாரு. நான் கும்பிட்ட கையை இறக்கல. இப்படியும் காட்டுவானாய்யா அந்தப் படக்காரன்? பெரிய ஞானஸ்தனா இருப்பான் போலுக்கு." காட்சி வராதபோது திரையில் சுழல்கிற அந்த வட்டம். அக்காள் அதைச் சேவித்துக்கொண்டிருக்கிறாள். எப்படிச் சொல்வேன்? சொல்லவில்லை. "சேவிச்சுக்கிட்டே இரு அக்கா, இன்னும் கொஞ்ச நேரத்துல மத்ததும் வரும்." "அவசரம் இல்லய்யா. ஆனா கருடன் வந்தாச்சான்னு மட்டும் சொல்லு. கருடன் வந்துட்டா பட்டரு நேரம் பாக்க மாட்டாரு, ஊத்திருவாரு." வைத்துவிட்டாள். அதுவும் உண்மை. கருடன் வட்டமிட்டுவிட்டால் ஐம்பத்திரண்டு வரை காத்திருக்க வேண்டும் என்று அதற்கு யார் சொல்வது. ரவுட்டருக்குத்தான் நிமிடக் கணக்கு; பட்சிராஜனுக்கு இல்லை.

நாற்பத்துநான்கு. யோசி. வடிகட்டி வைப்பதற்கு முன்னால் படம் விட்டு விட்டாவது வந்துகொண்டிருந்தது. காலையில் அக்காள், பட்டர் மூக்கைச் சொறிந்ததுவரை பார்த்துச் சொன்னாள். வடிகட்டி வைத்த பின்னால் வட்டம். ஆகவே தவறு வடிகட்டியில். ஆகவே தவறு என்னில். எப்போதும் இப்படித்தான், ஆராய்ச்சி எங்கே தொடங்கினாலும் என் வீட்டு வாசலில் வந்து செருப்பைக் கழற்றுகிறது. பட்டியலில் என்ன எழுதினேன்? தூத்துக்குடியில் பியூலா மோத்தா இருக்கிறாள்; முத்துத்துறையின் பொறியாளர்; நல்ல பெண்; கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் அனுப்பும்போது முட்டை சேர்க்காதது தனி டப்பா என்று எழுதி ஒட்டி அனுப்புகிறவள். பதினொன்று இருபதுக்குப் பேசினாள். "அண்ணாச்சி, எங்க பெட்டி பேய் பிடிச்சாப்ல கத்துது. புது லைன் ஒண்ணு சேத்தோம், அதுல வந்த வினை. நாங்க இங்க சரி பண்ண ஒரு மணி நேரம் ஆவும். அதுவரைக்கும் ஒங்க வாசல்ல வடிகட்டிக்கிடுங்க. எங்களுது பன்னெண்டு ரூட்டையும் வாட்ஸப்புல அனுப்பிருக்கேன். பதினொண்ணாவதை மட்டும் விட்டுருங்க." பின்னால் ஒரு லாரி ஊதியது, தொடர்பு அறுந்தது. பதினொன்றாவதை மட்டும் விட்டுருங்க. நானும் விட்டுவிட்டேன். பன்னிரண்டில் பதினொன்றாவதை விட்டுவிட்டு மற்ற பதினொன்றையும் ஏற்கலாம் என்று எழுதினேன். பட்டியலில் பெயர் இல்லாததை ரவுட்டர் சேர்க்காது. எழுதாத ஒரு கடைசி வரி எல்லாப் பட்டியலுக்கும் உண்டு, எதுவும் சொல்லப்படாதவை யாவும் விலக்கப்பட்டன என்று. பெருமானுடைய பட்டியலில் எழுதாத அந்தக் கடைசி வரி நேர்மாறாக இருக்கும் என்பது என் வாழ்நாள் நம்பிக்கை. ஒன்றுமே தகுதி இல்லாதவனும் கடைசி வரியில் உள்ளே போய்விடுவான். ஆனால் இந்தப் பெட்டி கொரியாவில் செய்தது. சரி, பதினொன்றாவதை விட்டேன். விட்டேன் என்றால்?

விட்டேன் என்றால். ஐயோ.

விடு. இதில் என்ன குழப்பம் இருக்க முடியும் என்றுதானே அறுபது ஆண்டாக எண்ணியிருக்கிறேன். விடு என்றால் துற. அகந்தையை விடு, ஆசையை விடு. எல்லாம் விட்ட இடத்துக்குத்தான் வீடு என்று பேர். விடுதலால் வந்த வீடு. எட்டு வயதில் என் தகப்பனார் மாதுளை மரத்தடியில் நிறுத்தி வைத்துச் சொல்லிக் கொடுத்தது. அதன்பின் விடு என்று எவர் சொன்னாலும் என் காதில் விழுவது ஒரே பொருள்தான். பியூலா விட்டுருங்க என்றாள். நான் பதினொன்றாவது வழியைத் துறந்தேன். பற்றற்று, பட்டியலில் அதன் சுவடே இல்லாமல். ஆனால் பஸ்ஸில் நடத்துநர் 'அந்தம்மாவை முன்னால விடுங்க' என்றால் யாரும் அந்தம்மாவைத் துறப்பதில்லையே. பந்தலில் 'மாப்பிள்ளை வீட்டாரை விடுங்கப்பா' என்றால் உள்ளே விடுகிறார்கள். ஒரே சொல். வாசலில் நின்றுகொண்டு சொன்னால் உள்ளே அழைப்பது. வனத்தில் நின்றுகொண்டு சொன்னால் வெளியே போவது. பதினொன்றாவதை மட்டும் உள்ளே விடுங்கள் என்றாளா, பதினொன்றாவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள் என்றாளா? முதலாவது என்றால் நான் செய்தது முழுத் தலைகீழ். உள்ளே வர வேண்டிய ஒன்றை வெளியே நிறுத்தி, வெளியே நிற்க வேண்டிய பதினொன்றையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறேன். அந்த இரண்டு வாயிற்காப்போராவது தடுக்க மட்டும்தான் செய்தார்கள். திருடர்களுக்கு ஆசனம் போடவில்லை.

பியூலாவைக் கூப்பிட்டேன். வேறோர் அழைப்பில் இருக்கிறார். மறுபடி. வேறோர் அழைப்பில். நாற்பத்தைந்து. இன்னொரு வழியும் இருக்கிறது. ஒன்றும் செய்யாமல் இரு. ஐம்பதுக்குப் பெட்டி தானாக அணைந்து நேற்றைக்குப் போய்விடும். என் பிழையும் அழிந்துவிடும். ஆனால் எழ ஏழு நிமிடம், ஐம்பத்தேழு. நீர் வார்த்து, வடிந்து, பட்டர் கீழே இறங்கி வெற்றிலை போட்டிருப்பார். அல்லது அணைவதைத் தடு. தடுத்தால் தவறான வடிகட்டி வாசலில் நின்றுகொண்டேயிருக்கும். சும்மா இருந்தாலும் இல்லை, கைவைத்தாலும் இல்லை. சரணாகதி பற்றி நாற்பது ஆண்டாகச் சொற்பொழிவு கேட்டிருக்கிறேன். தன் முயற்சி முழுதும் அற்றவனே சரணம் புகத் தகுதியுள்ளவன் என்பார்கள். அந்த நிலை எப்படியிருக்கும் என்று இன்றுதான் எனக்குத் தெரிகிறது. அது நாற்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே உட்கார்ந்து 'நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர்' என்கிற பெண் குரலைக் கேட்பதுபோல இருக்கும். மேசையில் என் சொந்தக் கைபேசி. அதில் வேறு நிறுவனத்து இணைப்பு. தொட்டால் நேரலை எனக்கு நன்றாகவே தெரியும். கருடன் வந்ததா என்றாவது பார்க்கலாம். கை போகவில்லை. அக்காள் அங்கே வட்டத்தைச் சேவித்துக்கொண்டு கிடக்க நான் இங்கே கலசத்தைச் சேவிப்பதா? ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒருவன் இலையில் மட்டும் நெய் விழுவதுபோல. கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். "ஸார், இருபத்திரெண்டு பேரு" என்கிறாள் வடிவு. ஐம்புலன் வாசலிலும் ஆள் நிற்கிறார்கள், எதை விடுவது, எதை— சீ, அந்தச் சொல்லே இனி வேண்டாம்.

நாற்பத்தேழு. எடுத்தாள்.

"அண்ணாச்சி, சொல்லுங்க. எங்க எம்டி லைன்ல ஏறி உக்காந்துக்கிட்டாரு, எறங்கவே இல்ல."

"பியூலா, பதினொண்ணாவதை மட்டும் விட்டுருங்கன்னியேம்மா. விட்டுருங்கன்னா என்ன அர்த்தம்?"

"விட்டுருங்கன்னா விட்டுருங்கதான்."

"உள்ள விடவா, விட்டுத்தள்ளவா?"

அவள் பக்கம் தகரக் கூரையில் காகம் நடக்கிற சத்தம்கூடக் கேட்டது.

"நீங்க என்ன பண்ணீய?"

"விட்டுத்தள்ளிட்டேன்."

"ஏசுவே! மத்த பதினொண்ணையும்?"

"உள்ள எடுத்துட்டேன்."

"அண்ணாச்சி! அந்தப் பதினொண்ணும்தான் கொழம்பிக் கெடக்கு. நல்லா இருக்கது அது ஒண்ணுதான். ஒங்க கோயில் லைவே அதுலதான ஓடுது! அதனாலதான ஒங்களுக்குன்னு பாத்து அதை மட்டும் விடச் சொன்னேன்."

"உள்ள விடுங்கன்னு ஒரு வார்த்தை சேத்துச் சொல்லிருக்கலாம்லாம்மா."

"வாசல்ல நிக்கவனைக் காட்டி விடுங்கன்னு சொன்னா, யாராச்சும் புடிச்சி வெளிய தள்ளுவாவளா?"

"நாங்க படிச்ச முறையில விடுன்னா..."

"இது ரவுட்டரு அண்ணாச்சி, சந்நியாசம் இல்ல. சீக்கிரம் மாத்துங்க, கருடன் வந்துட்டுன்னு எங்க ஆபீஸ்லயே டிவில சத்தம் கேக்குது."

கருடன் வந்துவிட்டது. மூன்று வரி. புதிய பட்டியலில் பதினொன்றாவது மட்டும். அது ஒரு வரி. அந்தப் பட்டியலைத் தூத்துக்குடி அண்டையின் வாசலில் பழையதற்கு மாற்றாக நிறுத்து; இரண்டாவது. அணையாதே என்று பெட்டிக்குச் சொல், மூன்றாவது. அடிக்கிற எழுத்து திரைக்கு வந்து சேர முப்பது நொடி ஆகிறது. ஆகவே பார்க்காமல் அடிக்க வேண்டும். பிழையிருந்தால் பிறகுதான் தெரியும். முதல் வரி அடித்தேன். முகவரி எண்களை நாமாவளி சொல்வதுபோல உதடசைத்துச் சொல்லிக்கொண்டே அடித்தேன். நூற்று மூன்று, புள்ளி, இருநூற்று நாற்பது. இருநூற்று நாற்பதா, இருநூற்று நான்கா? வாட்ஸப்பில் பார். நாற்பதுதான். அடுத்தது. வாசலில் நிறுத்துகிற வரியின் முடிவில் திசை சொல்ல வேண்டும்: உள் அல்லது வெளி. எது உள்? முப்பத்தோரு ஆண்டாக ஆயிரம் முறை அடித்த சொல் இன்று அந்நியரைப்போல முன்னால் நிற்கிறது. அண்டை என்னிடம் சொல்வது எனக்குள்ளே வருகிறது. ஆனால் அண்டையிலிருந்து வெளியே போகிறது. யாருடைய உள்? ஆன்மா உடம்புக்குள்ளா, உடம்பு ஆன்மாவுக்குள்ளா என்று இரண்டு வித்துவான்கள் எங்கள் ஊர்ச் சபையில் ஒரு மார்கழி முழுவதும் வழக்காடினார்கள்; கடைசியில் சுண்டல் கொடுத்து அனுப்பினோம். நாற்பத்தொன்பது. மணவாளா, வாசலில் நிற்கிறவன் பெட்டி; பெட்டியின் கண்ணால் பார்; வருகிறது என்றால் உள். உள். அடித்தேன். என்டர்.

இனி மூன்றாவது. அணையாதே என்கிற அந்த வரி. இங்கே கை நின்றுவிட்டது. முதல் இரண்டும் சரியா என்று இன்னும் திரை சொல்லவில்லை. சரியில்லாவிட்டால், காவலையும் எடுத்துவிட்டேன் என்றால், நானே பெட்டிக்கு வெளியே பூட்டப்பட்டவனாவேன். பிறகு ஸ்கூட்டரில் வண்ணாரப்பேட்டை, இரண்டு மாடி, பூட்டுச் சாவி வைத்திருக்கிறவர் எந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாரோ. மாவட்டத்தில் பாதிக்கு மாலைவரை ஒன்றும் இராது. வேலையில் இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது எனக்கு; மாலை போட்டு அனுப்ப நினைத்தவர்கள் போடாமலே அனுப்புவார்கள். அதைத் தாங்கலாம். அக்காளிடம் போய், நீ இத்தனை நேரம் கும்பிட்டது வட்டத்தை என்று சொல்வதைத் தாங்க முடியாது. நாற்பத்தொன்பது, நாற்பது நொடி. நம்பிக்கை என்பது தெரிந்த பிறகு வைப்பதன்று. அதற்குப் பெயர் சரிபார்த்தல், அதற்குத் தனியே படிவம் இருக்கிறது. அடித்தேன். என்டர். காதுக்குள் ஏதோ சங்குபோல ஒலித்தது; இரத்த அழுத்தம்தான், காலை மாத்திரையை மறந்திருக்கிறேன்.

ஐம்பது. கட்டம் மினுக்குகிறது. அணைந்துவிட்டதா? அணைந்த பெட்டியின் திரையும் திணறுகிற பெட்டியின் திரையும் ஒரே மாதிரித்தான் இருக்கும். பக்தனின் மௌனமும் தூக்கமும்போல. ஐம்பது, இருபது நொடி. வடிவு நின்றுகொண்டே என்னைப் பார்க்கிறாள். அவளுடைய தொலைபேசி அடித்துக்கொண்டிருக்கிறது, எடுக்கவில்லை. ஐம்பது, முப்பத்தைந்து. மடை திறந்ததுபோல எழுத்துகள் கொட்டின. நான் அடித்தவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, முதல் வரி, இரண்டாம் வரி, பிழையில்லை, பிழையில்லை, மூன்றாம் வரிக்குக் கீழே பெட்டியின் பதில்: அணைவது கைவிடப்பட்டது. அதற்குக் கீழே, தூத்துக்குடியிலிருந்து ஏற்ற வழிகள்: ஒன்று. ஒன்பது லட்சம் போய் ஒன்று. ஐம்பத்தொன்று. "ஸார், வருதாம் ஸார்! ஜங்ஷன்காரரு வருதுங்காரு!" நான் எழுந்து நின்றேன், ஏன் நின்றேன் என்று தெரியவில்லை, நிற்க வேண்டும்போல இருந்தது. அக்காளைக் கூப்பிடலாமா? கூடாது. நீர் விழுகிற நொடியில் அவள் மடியில் மணி அடித்து, அவள் குனிந்து கண்ணாடியைத் தேடி, மூன்றாவது முறையும் தவறினால் அந்தப் பழி என்னுடையது. ஐம்பத்திரண்டு. ஐம்பத்து மூன்று. காத்திருந்தேன். ஜங்ஷனுக்கு வந்தால் பாளையங்கோட்டைக்கும் வந்திருக்குமா? வந்திருக்கும். டேப்பில் மின்சாரம் இருந்திருக்குமா? காலையில் போட்டேன். அவள் தெரியாமல் எதையாவது தொட்டு வேறு படத்துக்குப் போயிருப்பாளா? போன வாரம் அப்படித்தான் பஞ்சாமிர்தம் செய்முறை ஒன்றை இரண்டு மணி நேரம் பார்த்தாள். ஐம்பத்தைந்து. ஐம்பத்தாறு. ஆறடி மனிதர் எவரும் இன்று அவளுக்கும் திரைக்கும் நடுவே இல்லை. ஐம்பத்தெட்டில் கைபேசி அடித்தது.

"ஏய்யா." அழுதிருக்கிறாள். நல்ல அழுகையா, மற்றதா என்று குரலில் பிரித்தறிய முடியவில்லை.

"அக்கா, வந்துதா?"

"வந்துது வந்துது. சக்கரத்தாழ்வாரு சட்டுன்னு வெலகிட்டாரு. பின்னால பெருமாள் விமானம், அப்படியே கையால தொடலாம்போல. கருடன் மூணு சுத்து சுத்துது. பட்டரு கொடத்தைத் தலைக்குமேல தூக்குதாரு, கொடத்துல ஒட்டுன மஞ்சள்கூடத் தெரியுது."

"பாத்துட்டியாக்கா?"

"எங்கய்யா பாக்க? கோவிந்தான்னு அத்தனை பேரும் கத்துனாவல்லா, கையி தானா தலைக்குமேல போச்சு, கண்ணு தானா மூடிக்கிட்டு. நான் என்ன செய்ய? தொறந்து பாக்கேன், பட்டரு வெறும் கொடத்தை ஒதறிக்கிட்டு நிக்காரு."

நாற்காலி பின்னால் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து உட்கார்ந்தேன். ஒன்பது லட்சம் வழிகளை அடைத்து, ஒன்றைத் திறந்து, மூன்றாவது மைலிலிருந்து பாளையங்கோட்டைக் கட்டில்வரை ஒரு தடையும் இல்லாமல் கொண்டுவந்து சேர்த்தேன். கடைசி இரண்டு இமையில் எனக்கு அதிகாரம் இல்லை.

"வருத்தமா இருக்காக்கா?"

"வருத்தமா? பக்கத்துல முத்தக்கா வந்து உக்காந்துருக்காள்லா, அவ முழுசாப் பாத்தாளாம். எப்படிட்டி ஒனக்குக் கண்ணை மூடாம இருக்க முடிஞ்சுதுன்னு ஏசிக்கிட்டு இருக்கேன்." மூக்கை உறிஞ்சினாள். பின்னால் நாதசுரம் மறுபடி முதலிலிருந்து தொடங்குவது கேட்டது. "இரு, இரு, படக்காரன் திருப்பிப் போடுதான். இது வெறும் படந்தான, பயப்படாமப் பாக்கலாம். நீ போனை வையி."